பழசு என்று யார் சொன்னது?

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டில் இருக்கிற செல்போன், டேப்லெட் எல்லாவற்றையும் வாங்கி மேஜையில் வரிசையாக வையுங்கள். (மேஜை இல்லாதவர்கள் பாயில் வைக்கலாம், தப்பில்லை.) எது எந்த வருடத்து மாடல் என்று பார்த்து, புதுசில் ஆரம்பித்துப் பழசு வரை அடுக்குங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதை வைத்திருப்பவரின் வயதை எழுதுங்கள்.

பந்தயம் கட்டுகிறேன். புத்தம்புது மாடல் காலேஜ் போகிற பையனிடமோ பெண்ணிடமோ இருக்கும். அவன் கழித்துப் போட்டது அப்பாவிடம். அப்பா வைத்திருந்தது அம்மாவிடம். வீட்டில் பாட்டி இருந்தால், ஓரத்தில் விரிசல் விட்டு, ரப்பர் பேண்ட் போட்ட ஒன்று அவருடைய தலையணைக்கு அடியில் கிடக்கும்.

மனிதத் தலைமுறை ஒரு பக்கம் ஏறினால் போன் தலைமுறை மறுபக்கம் இறங்குகிறது. நம் வீடுகளில் இது புதுப் பழக்கம். அண்ணன் சட்டை தம்பிக்கு, அக்கா பாவாடை தங்கைக்கு, அப்பா சைக்கிள் மகனுக்கு என்று மேலிருந்து கீழேதான் எல்லாம் வந்துகொண்டிருந்தது. கீழிருந்து மேலே போகிற பொருள் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அதனால் என்ன? பெரியவர்களுக்குப் பேசினால் போதும், எதற்குப் புதுசு என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் 'பழசு' என்கிற இந்தச் சின்ன வார்த்தையைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், அதற்குள் ஒரு நியாய அநியாயம் உட்கார்ந்திருக்கிறது.

கிளறுவதற்கு நல்ல இடம் ஒன்று இருக்கிறது. அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம். சிமென்ட் ஆலை ஊர். முன்பு கிராசிம் என்று பெயர், 2010-க்குப் பிறகு அல்ட்ராடெக். அந்தச் சாலையில் போனால் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு வழி விட்டு விட்டுத்தான் போக வேண்டும். சட்டையில் படிகிற தூசியைத் தட்டி விடுவீர்கள் இல்லையா? அதன் வயது ஏறக்குறைய 7 கோடி வருடம். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல். சிப்பியும் நத்தையும் செத்துப் படிந்து கல்லானதைத்தான் வெட்டி எடுத்து அரைக்கிறார்கள். வயல் வரப்பில்கூடக் கல்லாய்ப் போன சிப்பி காலில் இடறும். (மாவட்டம் மட்டும் ரொம்பப் புதுசு. 2001-ல் பெரம்பலூரிலிருந்து பிரித்தார்கள், 2002-ல் திரும்பச் சேர்த்தார்கள், 2007 நவம்பரில் மறுபடியும் பிரித்தார்கள். முதல் வெர்ஷனில் கோளாறு போலும்!)

இதில் வேடிக்கை என்னவென்றால், 7 கோடி வருடம் மண்ணுக்கடியில் சும்மா கிடந்த அந்தக் கல்லைச் சுட்டு, அரைத்து, மூட்டை கட்டினால் மூன்று மாதத்தில் பழசாகிவிடுகிறது. சிமென்ட் மூட்டையைப் புரட்டிப் பாருங்கள், தயாரான வாரமும் வருடமும் அச்சடித்திருக்கும். மூன்று மாதம் தாண்டினால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துப் பலம் குறைய ஆரம்பிக்கும். அதற்காக உடனே கொட்டிவிட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. திரும்பச் சோதித்துப் பார், பலம் இருந்தால் உபயோகி என்பதுதான் வழக்கம்.

அதாவது, சிமென்ட் பழசாவது இயற்கை. அந்தத் தேதியை மூட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். தேதி தாண்டினாலும் அதற்கு ஒரு பரீட்சை வைத்துவிட்டுத்தான் தீர்ப்பு. செல்போன் விஷயத்தில் இந்த மூன்றில் ஒன்றாவது உண்டா?

நான் படித்தது பி.காம். முதல் வருடத்திலேயே தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். ஒரு பொருளின் மதிப்பு ஏன் குறைகிறது? ஒன்று, உபயோகிப்பதால் தேய்கிறது. இன்னொன்று, பொருள் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதைவிட நல்லது வந்துவிட்டதால் செல்லாக்காசாகிறது. பரீட்சைக்காக இரண்டையும் தனித்தனியாக எழுதி மார்க் வாங்கிவிட்டு வந்துவிட்டோம். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று அப்போது உறைக்கவில்லை. முதலாவது பொருளுக்குள் நடப்பது. இரண்டாவது பொருளுக்கு வெளியே, வேறு யாரோ முடிவு செய்வது. நம் கையில் இருக்கிற போன் ராத்திரி தூங்கும்போது எப்படி இருந்ததோ அப்படியேதான் காலையிலும் இருக்கிறது. நடுவில் எங்கோ ஒரு மேடையில் ஒருவர் புதுசு ஒன்றைத் தூக்கிக் காட்டியிருப்பார். அவ்வளவுதான், நம்முடையது பழசு.

இன்னொரு வேடிக்கையும் அந்தப் பாடத்தில் உண்டு. குறைந்து செல் முறையில் தேய்மானம் போட்டால் மதிப்பு ஒருநாளும் பூஜ்யம் ஆகாது. பத்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு வருடம் 40 சதவிகிதம் கழித்தால் 6,000, பிறகு 3,600, பிறகு 2,160... குறைந்துகொண்டே போகுமே தவிர ஏதோ ஒன்று மிஞ்சிக்கொண்டே இருக்கும். கணக்குப்பிள்ளைக்குக்கூடப் பழைய பொருளின் மேல் அந்த அளவுக்கு மரியாதை இருக்கிறது.

சரி, போனுக்கு வருவோம். தலைமுறை தலைமுறையாக ஒப்பிட ஆப்பிள் கம்பெனி சௌகரியம். 2007-லிருந்து வருடம் தவறாமல் ஐபோன் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். பண்டிகை மாதிரி தேதி வைத்து வருகிறது.

2007-ல் வந்த முதல் ஐபோனை இப்போது பார்த்தால் பாவமாக இருக்கும். மூன்றரை அங்குலத் திரை, 2 மெகாபிக்சல் கேமரா. வீடியோ எடுக்க முடியாது. ஓரிடத்தில் இருக்கிற எழுத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்டக்கூட முடியாது. அந்த வசதி 2009-ல்தான் வந்தது. இந்தியாவுக்கு 2008 ஆகஸ்ட்டில் 3ஜி மாடல் வந்தபோது விலை 31,000 ரூபாய். 2010-ல் வந்த ஐபோன் 4-ன் திரையைப் பார்த்தவர்கள் பழைய திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2013-ல் விரல்ரேகை, 2014-ல் பெரிய திரை, 2017-ல் முகத்தைப் பார்த்துத் திறப்பது. சும்மா சொல்லக்கூடாது, இதெல்லாம் நிஜமான முன்னேற்றம்தான். அந்த நாட்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போன் மாற்றியவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் போகப் போக என்ன ஆயிற்று? 2022-ல் ஐபோன் 14 வந்தது. அதற்குள் இருந்தது முந்தின வருடத்து ஐபோன் 13 வரிசையில் வந்த அதே ஏ15 சிப். பொருளாதாரப் பாடத்தில் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று நாக்கு சுளுக்கிக்கொள்கிற மாதிரி ஒன்று வருமே, முதல் ஆரஞ்சுப் பழம் அமிர்தம், ஐந்தாவது பழம் சும்மா என்று... அதேதான். பெட்டியில் எண் மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஐபேட் கதை இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்காவில் 2010 ஏப்ரலில் வந்த முதல் ஐபேட் இந்தியாவுக்கு வந்தது 2011 ஜனவரி கடைசியில். அதில் கேமராவே கிடையாது. ஆசை ஆசையாக வாங்கி, உறையைக்கூடக் கிழிக்காமல் வைத்திருந்தவர்களும் இருப்பார்கள். மார்ச் மாதம் பிறந்ததும் கேமரா வைத்த ஐபேட் 2 அறிவிக்கப்பட்டது. அடுத்த வருடம் செப்டம்பரில் ஐஓஎஸ் 6 வந்தபோது, முதல் ஐபேடுக்கு அது கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். 2012 மார்ச்சில் வந்த மூன்றாவது ஐபேட் ஏழே மாதம்தான் புதுசாக இருந்தது. அக்டோபரில் நான்காவது வந்து அதை விற்பனையிலிருந்தே இறக்கிவிட்டது. கல்யாணம் ஆகி ஏழு மாதத்தில் பெண்ணைப் பழசு என்று சொன்னால் ஊர் சும்மா விடுமா?

அதே கம்பெனியைப் பற்றி இதற்கு நேர் எதிரான விஷயமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. 2013-ல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்பு அப்டேட் அனுப்பினார்கள். ஒன்பது வருடத்துக்கு மேல்! அந்தக் காலத்தில் வேறு பல கம்பெனிகள் இரண்டு வருடத்தில் கையைக் கழுவிக்கொண்டிருந்தன. நம் மொழியைப் பொறுத்தவரை ஐபோனில் நிஜமான புதுத் தலைமுறை என்று நான் சொல்வது தமிழ் விசைப்பலகை வந்ததைத்தான். அது 2013-ல் ஐஓஎஸ் 7-உடன் வந்தது. 2010-ல் வாங்கிய ஐபோன் 4-க்கும் கிடைத்தது. அதற்காக யாரும் புது போன் வாங்க வேண்டியிருக்கவில்லை. (அந்த அப்டேட்டைத் தாங்க முடியாமல் ஐபோன் 4 தவழ ஆரம்பித்தது வேறு கதை.)

தவழ்வது என்றதும் 2017 ஞாபகத்துக்கு வருகிறது. ஐபோன் 6, 6எஸ் வைத்திருந்தவர்கள் உலகம் பூரா ஒரே மாதிரி புலம்பிக்கொண்டிருந்தார்கள். போன் மந்தமாகிவிட்டது, வயசாகிவிட்டது போல. பலர் புதுசு வாங்கினார்கள். அந்த டிசம்பரில் ஜான் பூல் என்பவர், போன்களின் வேக அளவுகளை ஒப்பிட்டு வெளியிட்டார். பேட்டரி பலவீனமானால் போனை வேண்டுமென்றே மெதுவாக்கும் ஏற்பாடு மென்பொருளில் இருப்பதாகச் சந்தேகம் கிளம்பியது. சில நாட்களில் கம்பெனியும் ஒப்புக்கொண்டது. பழைய பேட்டரியால் போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றது. காரணம் பொய்யில்லை. பிரச்னை, அதைச் சொல்லாமல் செய்ததில் இருக்கிறது. பேட்டரி தேய்ந்திருக்கிறது, மாற்றுங்கள் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்லாததால், தேய்ந்தது பேட்டரி, பழசானது போன் என்று ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். 2020-ல் பிரான்ஸ் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது. அமெரிக்க வழக்கில் 50 கோடி டாலர் வரை கொடுத்து முடிக்கச் சம்மதித்தார்கள்.

என்னைக் கேட்டால் அந்த விவகாரத்தின் சாரம் பணமில்லை. உங்கள் பொருள் எப்படி இருக்கிறது என்கிற தகவல் உங்களிடம் இல்லை, விற்றவரிடம் இருக்கிறது. அதனால் அது பழசா இல்லையா என்று சொல்கிற அதிகாரமும் அவரிடம் போய்விடுகிறது. தாத்தா காலத்து மண்வெட்டி தேய்ந்திருக்கிறதா என்று தாத்தாவே விரலால் தடவிச் சொல்வார். சேலம் கடைக்காரர் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் சிலர், பேசாமல் புது மாடலே விடாமல் இருந்தால் தொல்லையில்லை என்பார்கள். அதையும் நாம் அனுபவித்துப் பார்த்தவர்கள்தான். அம்பாசடர்! 1950-களின் கடைசியில் ஆரம்பித்து 2014 வரை ஓடிய வண்டி. மார்க் 2, மார்க் 3 என்று பெயர் மாறியது, முகப்புக் கம்பி மாறியது, வண்டி அதேதான். அதை ரிப்பேர் செய்யத் தெரியாத மெக்கானிக் நாட்டிலேயே கிடையாது, உண்மை. ஆனால் அந்த நிலைத்த தன்மை பக்தியால் வந்ததில்லை, போட்டி இல்லாததால் வந்தது. பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தலைமுறையிடம் போய் மாற்றமே வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள். எனவே புதுசு வருவது குற்றமில்லை. என் வம்பெல்லாம் புதுசோடு இல்லை, பழசு என்று தீர்ப்புச் சொல்கிறவரோடுதான்.

இந்தத் தீர்ப்பு பொருளோடு நின்றால்கூடப் பரவாயில்லை. ஸ்ரீபெரும்புதூர் வரை ஒருநடை போய் வருவோம். அங்கே 2006-ல் நோக்கியா ஆலை வந்தது. 2014 நவம்பரில் மூடினார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேலை இழந்தார்கள். அவர்கள் கை தேய்ந்துவிடவில்லை. அந்தக் கம்பெனியின் போன் பழசாகிவிட்டது, கூடவே அவர்களும். பிறகு 2019-ல் அந்த ஆலையை சால்காம்ப் என்கிற சார்ஜர் தயாரிக்கும் நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஐபோன் சார்ஜரும் செய்கிறவர்கள். அடுத்த வருடமே ஐபோன் பெட்டிக்குள் இனி சார்ஜர் வைக்க மாட்டோம், சுற்றுச்சூழல் கெடுகிறது என்று ஆப்பிள் அறிவித்தது! தனியாக விற்றால் கெடாது போல.

அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தயாராகின்றன. அங்கே உட்கார்ந்து திருகு போடுகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும்தான் பலருக்கு, நம் ஊர்ப் பெண்கள்தான் இதைச் செய்கிறார்கள் என்பதே தெரிந்தது. 2024 ஆகஸ்ட்டில் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதியை அரசு திறந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால், திருமணமான பெண்களை அங்கே ஐபோன் வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி போட்டது. மத்திய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. நிறுவனம் மறுத்தது. அதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் பழைய பாடம்தான் ஞாபகம் வந்தது. ஒரு பெண் கழுத்தில் தாலி ஏறினால் கை தேய்ந்துவிடுமா? வெளியே இருந்து ஒருவர் 'இந்த மாடல் போதும், அடுத்த பேட்ச்' என்று சொல்வது போனுக்கு மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தால், அது நம் அப்பாவித்தனம்.

நியாயமாக ஒரு எதிர்க்கேள்வி வரும். எல்லோரும் எட்டு வருடம் ஒரே போனை வைத்துக்கொண்டால் அந்தப் பெண்களுக்கு வேலை ஏது? எளிதில் தள்ளிவிட முடியாத கேள்வி. நான் இதற்கு முழுசாகப் பதில் வைத்திருப்பதாக நடிக்க மாட்டேன். ஆனால் நல்லாயிருக்கிற ஒன்றைத் தூக்கிப் போட வைத்துத்தான் வேலை கொடுக்க முடியும் என்றால், அந்த வேலை எந்த நிமிஷமும் போகக்கூடியது. நோக்கியா பிள்ளைகளைக் கேளுங்கள். ரிப்பேர் செய்வதிலும் வேலை இருக்கிறது. அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆறடிக்கு நாலடிக் கடையில், தலையில் லைட் கட்டிக்கொண்டு குனிந்திருக்கிற ஒரு பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். "சார், என்கிட்ட வர்றதுல பாதி போன் சாகவே இல்ல சார். அப்டேட்டுதான் செத்துப்போச்சு" என்றான். இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் சொல்ல முடியாது.

தூக்கிப் போடுவது எங்கே போகிறது என்பதும் தெரிந்த கதைதான். 2022-ல் மட்டும் உலகம் கழித்துப் போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன், முறையாக மறுசுழற்சிக்குப் போனது அதில் கால் பங்குகூட இல்லை என்கிறது ஐ.நா. அறிக்கை. ஒரு போன் தன் ஆயுளில் ஏற்படுத்துகிற கரி மாசில் ஏறக்குறைய 80 சதவிகிதம் அதைத் தயாரிக்கும்போதே ஏற்பட்டுவிடுகிறது என்று ஆப்பிளின் கணக்கே சொல்கிறது. வாங்கின பிறகு நாம் எவ்வளவு சிக்கனமாக சார்ஜ் போட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. இன்னும் ரெண்டு வருடம் வைத்துக்கொள்வதுதான் சிக்கனம்.

இப்போது அந்த மையமான விஷயம். ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ரெட்டிபாளையத்திலேயே இருக்கட்டும். அப்பா சிமென்ட் ஆலையில் ஒப்பந்த வேலை. மகன் சிங்கப்பூரில். அவன் எப்போதோ கழித்த ஐபோன் 6 அம்மாவிடம் இருக்கிறது. பேரப்பிள்ளை முகத்தை வாட்ஸ்அப்பில் பார்ப்பதுதான் அந்த அம்மாவுக்கு அதன் உபயோகம். 2025 மே 5-ஆம் தேதி முதல் ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் ஆகியவற்றில் வாட்ஸ்அப் வேலை செய்யாது என்று நிறுத்திவிட்டார்கள். இது கற்பனை இல்லை. அன்றைக்கு அந்தப் போனில் எதுவும் உடையவில்லை. மணி அடிக்கும், படம் எடுக்கும், பாட்டுப் பாடும். பேரப்பிள்ளை மட்டும் வராது. அம்மா என்ன நினைப்பார்? தான்தான் எதையோ தப்பாக அமுக்கிவிட்டோம் என்று நினைப்பார். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் காட்டத் தயங்குவார்.

நிறுத்தியவர்கள் பக்கம் காரணம் உண்டு. பழைய மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துக்கொண்டே இருக்க முடியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதே ஐபோன் 6-ஐ 2017 மார்ச்சில் இந்தியாவில் மறுபடி கடைக்குக் கொண்டுவந்து விற்றார்கள். 2019 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 13 அதற்கு இல்லை. நீங்கள் வாங்கியது 2017 என்றாலும், அதன் ஜாதகம் 2014 செப்டம்பரில் அமெரிக்காவில் எழுதப்பட்டது. மூட்டையில் தேதி பார்த்து சிமென்ட் வாங்குகிற ஊரில், போன் பெட்டியில் அந்தத் தேதி இல்லை.

தேதி போடச் சொல்வது முடியாத காரியம் இல்லை. பாதுகாப்பு அப்டேட் எதுவரை வரும் என்று விற்கும்போதே சொல்ல வேண்டும் என்று 2024 ஏப்ரலில் பிரிட்டன் சட்டம் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனிலிருந்து, விற்பனையை நிறுத்திய பிறகும் 5 வருடம் அப்டேட், 7 வருடம் உதிரி பாகம் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. நம் நாட்டிலும் எது எவ்வளவு எளிதில் ரிப்பேர் செய்யக்கூடியது என்று மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும் என 2025 மே மாதத்தில் ஒரு குழு நுகர்வோர் துறையிடம் அறிக்கை கொடுத்தது. நல்லதுதான். எதுவரை ஓடும் என்று தெரிந்துவிட்டால், ஏழு வருடம் என்கிற போனுக்கும் மூன்று வருடம் என்கிற போனுக்கும் நாமே வருடத்துக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்துவிடுவோம். பி.காம் தேவையில்லை, வாய்ப்பாடு போதும்.

சட்டம் வருகிறபோது வரட்டும். வீட்டுக்குள் நாம் செய்கிற காரியத்துக்கு யாருடைய சட்டமும் வேண்டாம் இல்லையா? புது போன் வாங்கும்போது நாம் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று யோசியுங்கள். புது மாடலைப் பழைய மாடலோடு. அந்தப் போட்டியில் எப்போதும் புதுசுதான் ஜெயிக்கும், அதற்காகவே நடத்தப்படுகிற போட்டி அது. போனை அதை வைத்திருக்கப் போகிறவரோடு யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. பழைய போனை ஓட்டுவது ஒரு திறமை. எதை அழித்தால் இடம் கிடைக்கும், எப்போது அணைத்துப் போட வேண்டும், ஒரு ஆப் நின்றுபோனால் அதே வேலையை வேறு எப்படிச் செய்வது என்று தெரிய வேண்டும். அந்தத் திறமை இருபது வயதுப் பையனிடம் நிறைய இருக்கிறது. அவன் கையில் எதுவும் மக்கர் பண்ணாத புதுப் போன். மென்ஷன் பணம் வந்ததா, ஓ.டி.பி. வந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் யாரையாவது கேட்க வேண்டியிருக்கிற அம்மா கையில், எப்போது நிற்குமோ என்கிற போன். பேட்டரி தேய்வதும் ஆப் நிற்பதும் முதலில் அடிப்பது கடைசியாக வாங்கிக்கொண்டவரைத்தான். நாம் அதை அன்பளிப்பு என்று நினைத்துக் கொடுத்திருக்கிறோம்.

திருச்சியில் வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் போன வருடம் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். நல்ல போன் ஒன்று வாங்கி, நேரே ரெட்டிபாளையம் போய் அம்மா கையில் கொடுத்துவிட்டு வந்தார். தன் பழைய போனுக்கு பேட்டரி மட்டும் மாற்றிக்கொண்டார். ஏன்யா இப்படி என்றால், "என் போன் நின்னா சரி பண்ணிக்க எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. அப்ப புதுசு யாருக்கு வேணும், சொல்லுங்க" என்கிறார். ஆபீஸில் அவருடைய போனைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம்.

"அம்மா சந்தோஷப்பட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எங்க சார்... கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இதுல டார்ச் எங்கடா இருக்குன்னு கேட்டாங்க."